கிள்ளானில் உம் கொட்டிய கதை

என் மனைவி கோமதி என்னை மலேசியாவுக்கு அனுப்பியது ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருவதற்காக. "கல்யாணத்துக்கு நீங்க வந்து முன்னால நின்னு நடத்திக் கொடுக்கணும்." அவ்வளவுதான். எங்கள் மகள் வித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் சண்முகம் கிள்ளானில் லாரி வைத்து ஓட்டுகிறார். தாய்மாமனுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எங்கள் பக்கத்தில் அது அழைப்பே ஆகாது. நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், வேட்டி, பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டி, வாயால் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாகத் தங்கையோடு பேசாத தாய்மாமன் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இவரையா அனுப்புற?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கோமதியிடம் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஓர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன். சண்டைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, முழுக்கக் கேட்டு, "உம்... உம்... அப்புறம்?" என்று கொட்டி அனுப்புவதுதான் வேலை. முக்கால்வாசிப் பேர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். புகார் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தவர் பேசிக் கேட்பது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பொறுமைசாலி என்று ஊரில் பேரும் வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அதில் பாதி பயம். வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாகிவிடும். கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

அண்ணன் தங்கை சண்டையும் பேச்சால் வந்ததுதான். மாமனார் இறந்தபோது மச்சானுக்கு விமான டிக்கெட் கிடைக்காமல், எல்லாம் முடிந்து மறுநாள் விருதுநகருக்கு வந்து சேர்ந்தார். கோமதி அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அண்ணனிடம் சொல்லி அழக் காத்திருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார். பாஸ்போர்ட், சென்னையில் கிடைக்காத டாக்சி, வழியில் பஞ்சரான டயர் என்று ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கோமதி பொறுக்க முடியாமல், "நீ பேச வந்தியா, அழ வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனவர்தான்.

கிளம்பும்போது கோமதி இரண்டு கட்டளை போட்டாள். முதல் கட்டளை, சொல்ல வேண்டிய வாக்கியம். அதை என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். இரண்டாவது, "அவன் தட்ட வாங்குற வரைக்கும் அவன் வீட்ல கை நனைக்கக் கூடாது." பகை உள்ள வீட்டில் பகை தீராமல் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்துச் சட்டம். என் கையில் இருந்தது நான்கு நாள். ஐந்தாம் நாள் காலையில் திரும்பும் விமானம்.

சாப்பாட்டுக் கட்டளைக்காகவே கிள்ளானில் தங்காமல், தலைநகரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். கீழே இறங்கினால் பூக்கடை, பாத்திரக்கடை, இடியாப்பக் கடை, ஜோசியர். நம் ஊர்க் கடைத்தெருவை அப்படியே தூக்கி வந்து, நடுவில் போக்குவரத்து விதிகளை மட்டும் சேர்த்த மாதிரி இருந்தது. முதல் நாள் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். நம் பரோட்டாவின் தம்பிதான், ஆனால் சாதுவான தம்பி. எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிப்போம் என்று பரிமாறியவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு வருடம் ஆன கதையை ஆரம்பித்துவிட்டார். தே தாரிக் இரண்டு குடிக்கிற அளவுக்குக் கதை நீளமாக இருந்தது. இங்கே டீயை ஆற்றி நுரையோடு கொடுப்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

பூக்கடை அக்காவிடம் வெற்றிலை ஒரு கட்டு, தேங்காய், பழம் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். நடைமேடையில் பக்கத்தில் நின்ற ஓர் ஆன்டி, "அண்ணே இண்டியாவா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது போதுமாக இருந்தது. சுங்கை பூலோவில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் செய்த அநியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். "காடிய ரிவர்ஸ் எடுத்தான்ணே. என் கருவேப்பில மரத்தையே சாச்சிட்டான் லா. சோரின்னு ஒரு வார்த்த சொல்லல." இங்கே காரைக் காடி என்கிறார்கள், பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' சேர்க்கிறார்கள். கதை சூடாக இருந்ததால் அவர் பின்னாலேயே ரயிலில் ஏறி எதிரில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட ஒருவர் வந்து என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். சுற்றிப் பார்த்தேன். பெட்டி முழுக்கப் பெண்கள். ஆன்டி அவரிடம் வேகமாக மலாயில் பதில் சொல்லிவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். "இது லேடீஸ் கோச்சாம். நீங்க நடுக் கதையில இருக்கீங்க, முடிஞ்சதும் மாறுவீங்கன்னு சொல்லிட்டேன்." அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைக் காட்டினார். நான் எழுந்து போனேன். ஆன்டியும் கூடவே எழுந்து வந்தார். கருவேப்பிலை மரத்துக்கு நியாயம் கிடைத்தபோது ரயில் கிள்ளானைத் தாண்டி, கடைசி நிலையமான துறைமுகத்தில் நின்றது. "ஐயையோ, நானும் முன்னாடியே ஷா ஆலம்ல எறங்கியிருக்கணும்ணே" என்றார் ஆன்டி. இரண்டு பேரும் எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்தோம். திரும்பும்போது மருமகள் கதை.

கிள்ளானில் மச்சான் கேட்டைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்தார். "வாங்க மாப்ள. ரயில்லயா வந்தீங்க? ஒரு போன் போட்டா காடி எடுத்துட்டு வந்திருப்பேன்ல. இங்க இப்ப வண்டி ஜேம் தாங்கல மாப்ள, ரோடு போடறான், போடறான், போட்டுக்கிட்டே இருக்கான்." பதினொரு வருடத்தில் முடி நரைத்திருந்தது. இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் வலி, கிராம்பு வைத்திருக்கிறேன் என்றார். வாயில் கிராம்போடு எவ்வளவு பேச முடியுமோ அதற்கு மேலேயே பேசினார்.

தட்டு இருந்த பை என் மடியில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் கையைப் பைக்குள் விடும்போதெல்லாம் அவர் பேச்சு வேகம் பிடித்தது. லாரிக்குப் பர்மிட் வாங்கிய கதை, டீசல் கதை, அவர் எடை குறைத்த கதை. நானும் என் புத்தி போகுமா, "அப்புறம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா இங்கேயே சுங்கை வே என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். தட்டு நிறையச் சோறும் நண்டுக் கறியும் கொண்டு வந்து வைத்தார். "சாப்பிடுங்க தம்பி." வயிறு சரியில்லை அக்கா என்றேன். நண்டு வாசனை மூக்கைத் துளைத்தது. உடனே கஞ்சி வந்தது. கஞ்சியும் வேண்டாம் என்றேன். இஞ்சித் தண்ணீர் வந்தது. கொல்லைப்புறம் போய் கோமதிக்குப் போன் போட்டேன். "தண்ணி குடிக்கலாமா?" "குடிங்க. காப்பி வேணாம். சொல்லிட்டீங்களா?" "இல்ல. அவரு பேசிட்டிருக்காரு." "நீங்க என்ன பண்றீங்க?" "கேட்டுட்டிருக்கேன்." போனை வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் புது வெற்றிலை வாங்கினேன். முதல் கட்டு வாடிவிட்டது. மச்சான் என்னை டெங்கிலுக்குக் கூட்டிப் போனார். அவருடைய லாரி ஒன்று அங்கே செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்து ஓரத்தில் அச்சு முறிந்து நின்றிருந்தது. "லோரி நின்னா என் உசுரே நின்னா மாதிரி மாப்ள." மெக்கானிக் வருகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் நாங்கள் லாரி நிழலில் குந்தியிருந்தோம். நல்ல இடம், நல்ல நேரம், குறுக்கே பேச ஆள் இல்லை. நான் தொண்டையைக் கனைத்தேன். "சளியா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, டெங்கிலில் அவர் முதன்முதலில் வேலைக்கு வந்தபோது பிடித்த சளியைப் பற்றி ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கதை. பாம்பெல்லாம் வந்தது.

அப்பா என்ற வார்த்தை மட்டும் அவர் பேச்சில் வரவே இல்லை. தங்கை என்ற வார்த்தையும் வரவில்லை. அவ்வளவு பேச்சில் அந்த இரண்டு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறார் என்பது டெங்கிலில்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் பூக்கடை அக்கா வெற்றிலையைக் கட்டிக்கொண்டே கேட்டார். "டெய்லி வெத்தல வாங்கறீங்க. போடற வாய் மாதிரி தெரியலையேண்ணே?" ஏனோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முகம் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வரும் போலிருக்கிறது. அவர் சாமந்தியைத் தொடுத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "பேசற ஆளுக்கு நடுவுல பூந்து பேச முடியாதுண்ணே. வாய்ல சோறு இருக்கறப்ப சொல்லிடுங்க."

அருமையான யோசனையாகப் பட்டது. கடையில் சாப்பிட்டால் கை நனைத்த கணக்கிலும் வராது. மத்தியானம் மச்சானையும் லெட்சுமி அக்காவையும் கிள்ளான் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் முதல் உருண்டையை வாயில் போட்டதும் நான் ஆரம்பித்தேன். "மச்சான், வித்யாவுக்கு..." சோற்றோடு சேர்த்தே பேசினார் அவர். "வித்யாவுக்குச் சின்ன புள்ளையில ரசம்னா உயிரு. இந்த ரசத்தக் குடிச்சுப் பாருங்க மாப்ள. அன்னிக்கு ஒருநாள் என்ன ஆச்சுன்னா..." பிறகு பல்லில் ஏதோ பட்டு அம்மா என்று கன்னத்தைப் பிடித்தார். வலியோடும் பேசினார். அப்பளம் நமுத்துப் போகிற வரைக்கும் பேசினார்.

கை கழுவ எழுந்தபோது லெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "அவருக்குத் தெரியும் தம்பி, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு. நீங்க வரீங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து சரியாத் தூக்கமில்ல."

"அப்புறம் ஏன்க்கா?"

"பயம் லா. கூப்பிட்டா போகணும். போனா அப்பா பேச்சு வரும். மாமா செத்தப்ப அழ வேண்டியத இன்னும் அழல தம்பி, அந்த ஆளு. வாய மூடினா அழுக வந்துரும்னுதான் பேசறாரு."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக அவர் பேச்சைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மனசை நான் கேட்கவே இல்லை. அன்று மாலை கோமதி போனில் கோபப்படவில்லை. "சொல்லலையா? சரி, விடுங்க. மாமன் இல்லாமலே மேடை ஏத்திக்கலாம்" என்றாள். அவள் குரல் இறங்கினால் நிலைமை மோசம் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள், கடைசி நாள், நான் போய்ச் சேர்ந்தபோது மச்சானின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அவரை இழுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போனோம். நானும் தட்டுப் பையோடு போனேன். மருத்துவர் இளம் சீனப் பெண். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, மலாயில் சொன்னதை லெட்சுமி அக்கா எனக்குத் தமிழாக்கினார். "ஒரு மணி நேரம் பஞ்சக் கடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். பேசினா ரத்தம் நிக்காதாம்." பிறகு மருத்துவரிடம் மலாயில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன கேட்டீங்க என்றேன். "ஒரு வாரம்னு எழுதித் தர முடியுமான்னு கேட்டேன் தம்பி."

வெளியே வந்தபோது கிள்ளான் மழை பிடித்துக்கொண்டது. பத்தடி தூரத்தில் இருக்கும் கடைப் பலகை தெரியாத மழை. மச்சானும் நானும் காருக்குள் ஓடினோம். அக்கா ஜன்னலில் குனிந்து, "நான் மருந்து வாங்கிட்டு வரேன் தம்பி. மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம். எதிர்ப்பேச்சு கிடையாது. நான்கு நாளாக நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. எனக்கு நாக்கு எழவில்லை. பேசுகிறவர் பக்கத்தில் இருந்தால் நான் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். இப்போது அதுவும் போய்விட்டது. "நல்ல மழை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எங்க ஊர்ல இந்த மழை வருஷத்துக்கே வராது" என்றேன். ஆட்டினார். வைப்பரைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருக்கிற ஆளிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. என்னிடம் பேசிய அத்தனை பேரும் தைரியசாலிகள்.

கடைசியில் பையை முன்னால் இழுத்தேன். தட்டை மடியில் வைத்து, வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், வேட்டி, பத்திரிகை எல்லாம் அடுக்கினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மச்சான், வித்யா கல்யாணத்துக்கு நீங்க வந்து முன்னால நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்றேன். பத்துத் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம், குரல் ஆடிவிட்டது. அவர் திரும்பவில்லை. மனப்பாடம் செய்தது அதோடு தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன சொல்வது என்று கோமதி சொல்லித்தரவில்லை. பயத்தில் அவளுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "உங்கண்ணன் பக்கத்துல இருக்காரு" என்று மட்டும் சொன்னேன். மச்சான் இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்றார்.

அந்தப் பக்கம் கோமதி, "அண்ணே" என்றாள். இங்கே மழைச் சத்தம் மட்டும். "பேச மாட்டியா?"

"ம்" என்றார் மச்சான், பஞ்சுக்கு நடுவிலிருந்து.

பல் பிடுங்கிய விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கோமதி ஆரம்பித்துவிட்டாள். அண்ணனுக்குத் தங்கை தப்பாமல் பிறந்தவள்.

"நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணே. உங்கிட்ட சொல்றதுக்குன்னு மூணு நாளா மனசுக்குள்ள வச்சிருந்தேன். நீ என்னைச் சொல்லவே விடல."

"ம்."

"அப்பா கடைசி நாள் காலைல சவரம் பண்ணிவிடச் சொன்னாரு. எந்திரிச்சு உக்கார முடியல, என்னத்துக்குப்பான்னேன். மலேசியாவுலருந்து சண்முகம் வர்றான், தாடியோட பாத்தா பயந்துருவான்னாரு. நாந்தான் பண்ணிவிட்டேன். கன்னத்துல லேசா வெட்டிருச்சு. பரவால்ல, அவன் வர்றதுக்குள்ள ஆறிரும்னு சொன்னாருண்ணே."

மச்சான் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வாயை மட்டும் இறுக்கி மூடியிருந்தார். "ம்" என்று வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அவள் நிறுத்தவில்லை. அப்பா என்ன சாப்பிட்டார், யார் யாரைக் கேட்டார், எந்தச் சட்டையைப் போட்டு அனுப்பினார்கள், எல்லாவற்றையும் பதினொரு வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். நானும் அழுதேன். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை, அந்தச் சவரக் கதையை எனக்கே அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"வந்துருவேல்லண்ணே?"

"ம்."

"பத்து நாள் முன்னாடியே வரணும். அண்ணியையும் கூட்டிட்டு."

"ம்."

போன் வைத்ததும் மச்சான் மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினார். ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் தட்டு நுழையவில்லை. சாய்த்ததில் தேங்காய் உருண்டு பிரேக்குக்குக் கீழே போய்விட்டது. இரண்டு பேரும் குனிந்து தலையை முட்டிக்கொண்டோம். லெட்சுமி அக்கா மருந்துப் பையோடு கதவைத் திறந்தபோது, அவர் மடியில் தட்டு இருந்தது, நான் அவர் காலடியில் தேங்காயைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா பத்திரிகையை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

வீட்டுக்குப் போய்க் கை நனைத்தேன். நனைத்தேன் என்றால் முழங்கை வரைக்கும். முதல் நாள் தப்பிய நண்டுக்கு அன்று தப்ப வழியில்லை. மச்சான் ஆறின கஞ்சியைக் குடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தார்.

மாலையில் கோமதி போன் செய்தாள். குரல் தெளிந்திருந்தது. "எங்கண்ணன் எவ்வளவு மாறிட்டான் தெரியுமா? ஒரு வார்த்த குறுக்க பேசலங்க. நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டான். அப்படி ஒரு பொறுமை எங்கேருந்து வந்துச்சோ."

பஞ்சு விஷயம் என் தொண்டை வரைக்கும் வந்தது. "உம்" என்றேன்.

மறுநாள் காலையில் மச்சான்தான் விமான நிலையத்துக்குக் காரை ஓட்டினார். பஞ்சு எடுத்தாயிற்று. கிள்ளானிலிருந்து விமான நிலையம் வரைக்கும் வாய் மூடவில்லை. "நேத்து எவ்வளவு நேரம் கேட்டேன் பாத்தீங்கல்ல மாப்ள? கேக்கறதுல ஒரு சுகம் இருக்கு மாப்ள, என்ன சொல்றீங்க?" நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க அவருக்கு நேரம் இல்லை. கேட்பதன் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் ஒரு இடத்தில் அப்பா என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை பல தடவை வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு வலது கன்னத்தைத் தடவினார். "இந்தப் பக்கமும் ஒண்ணு வலிக்குது மாப்ள. அடுத்த வாரம் புடுங்கிரலாம்னு பாக்கறேன்."

எனக்குக் கல்யாண மண்டபம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்ணனும் தங்கையும் பத்து நாள் ஒரே வீட்டில். "அவசரப்படாதீங்க மச்சான்" என்றேன். "விருதுநகர்ல நல்ல டாக்டர் இருக்காரு. வந்து எறங்கின அன்னிக்கே நான் கூட்டிட்டுப் போறேன்." யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன யோசனை என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.